லேப்டாப் ஹேங் ஆகிறது, பேக்கப்பும் பாதியில் நிற்கிறது: டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் லேப்டாப் பழுது பார்ப்பது என் வேலை. அரிசி ஆலைக் கணக்கர்கள், கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், இ-சேவை மையம் நடத்துபவர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று பலரும் ஒரே புகாரோடு வருகிறார்கள். எந்தப் புரோகிராமைத் திறந்தாலும் உறைந்து நிற்கிறது, பேக்கப் எடுத்தால் முடிவதில்லை. அவர்கள் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியது. அவசரத்தில் இருப்பவர்கள் முதல் இரண்டு பதில்களை மட்டுமாவது படித்துவிட்டு அப்புறம் லேப்டாப்பில் கை வையுங்கள்.

ஹேங் ஆவதற்கும் பேக்கப் நிற்பதற்கும் சம்பந்தம் உண்டா? இரண்டும் தனித்தனிப் பிரச்சினை என்றுதானே நினைத்தேன்?

தனித்தனியாகவும் வரலாம். ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் ஆரம்பித்திருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ஹார்டு டிஸ்க்கைத்தான்.

டிஸ்க்கில் ஏதோ ஒரு இடம் பலவீனமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பதைப் படிக்கச் சொன்னால், டிஸ்க் உடனே "முடியாது" என்று சொல்லிவிடாது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை விண்டோஸ் காத்திருக்கும், விண்டோஸை நம்பியிருக்கும் புரோகிராமும் காத்திருக்கும். ஜன்னலின் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்துவிடும். மவுஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து எதுவுமே நடக்காதது போல எல்லாம் சரியாகிவிடும். "தானாகவே சரியாகிவிட்டது" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

பேக்கப் விஷயம் வேறு. அன்றாட வேலையில் நாம் தொடுவது சில ஃபைல்களைத்தான். பேக்கப் எல்லா ஃபைலையும் தொட்டாக வேண்டும். அதனால் கெட்டுப்போன இடத்தில் அது முட்டாமல் போக வழியில்லை. இன்னொன்றும் உண்டு. திறந்திருக்கும் ஃபைல்களையும் சேர்த்து எடுப்பதற்காக விண்டோஸ் 'ஷாடோ காப்பி' என்ற முறையில் டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துக்கொள்ளும். அதற்காக எழுதும் வேலைகளை நிறுத்திவைக்கக் கிடைப்பது சுமார் 10 விநாடிதான். டிஸ்க் திணறிக்கொண்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள் வேலை முடியாது, பேக்கப் பிழை காட்டி நின்றுவிடும்.

ஆகவே பேக்கப் நிற்பதைப் பேக்கப் மென்பொருளின் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். டிஸ்க் போகப்போகிறது என்பதற்கு பெரும்பாலும் அதுதான் முதல் அறிவிப்பு.

சரி, இப்போதே என்ன செய்ய வேண்டும்?

முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

நோய்ப்பட்ட டிஸ்க்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இருக்கிற நேரத்தை 'கிளீனர்' ஓட்டியும், வைரஸ் ஸ்கேன் போட்டும், விண்டோஸை அப்டேட் செய்தும் செலவழிக்காதீர்கள். ஃபார்மட் பேச்சே வேண்டாம். முழு பேக்கப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. ஒவ்வொரு முறையும் அது டிஸ்க்கை முழுக்கச் சுரண்டுகிறது.

ஒரு நல்ல வெளி டிஸ்க்கைச் செருகி, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் நகல் எடுங்கள். ஆலைக் கணக்கர் என்றால் டேலியின் டேட்டா ஃபோல்டர். ஸ்டுடியோக்காரர் என்றால் இன்னும் பார்ட்டியிடம் ஒப்படைக்காத படங்கள். ஆசிரியர் என்றால் மதிப்பெண் பட்டியல், வினாத்தாள். டெஸ்க்டாப்பிலேயே எல்லாவற்றையும் குவிப்பது நம் பக்கத்து வழக்கம், அதனால் டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் மறக்காதீர்கள். சினிமா, பாட்டு, இன்ஸ்டால் ஃபைல்கள் எல்லாம் கடைசியில், நேரம் இருந்தால் மட்டும்.

மொத்தமாக இழுத்துப் போடாமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். ஒன்று சிக்கிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், கடைசியில் திரும்பி வரலாம். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளை தெரிந்தவர்கள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: மாற்றிக் கொடுக்காவிட்டால், படிக்க முடியாத ஃபைலை 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயலும்படிதான் அது அமைந்திருக்கிறது. மறுமுயற்சி 1, காத்திருப்பு 1 விநாடி என்று குறைத்துவிட்டு ஓட்டுங்கள்.

டிஸ்க்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

டேட்டாவை எடுத்தாகிவிட்டதா? அப்படியானால் மூன்று இடங்களில் பாருங்கள்.

ஹேங் ஆகும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். 'ஆக்டிவ் டைம்' 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகமோ எழுதும் வேகமோ ஒன்றுமில்லாமல் கிடக்கிறது, 'ரெஸ்பான்ஸ் டைம்' ஆயிரக்கணக்கான மில்லிவிநாடி காட்டுகிறது என்றால், டிஸ்க் வேலை செய்யவில்லை, தவித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' குறிப்புகளை அது காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் கெட்டுவிட்டது. நிறத்தோடு நிற்காமல் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்குக் கொண்டுபோன பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். சி6 என்பது திருத்தவே முடியாதவை.

போன சம்பா அறுவடை நேரத்தில் மன்னார்குடிப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து ஒரு லேப்டாப் வந்தது. சி5 வரியில் கடைசி இரண்டு இலக்கம் 18. "பதினெட்டுதானே, பரவாயில்லையே" என்றார் கொண்டுவந்தவர். அந்த மென்பொருள் வழக்கமாக எண்களைப் பதினாறடிமான முறையில் (பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறை) காட்டும், அந்த 18 நம் கணக்கில் 24. அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது 20 ஆகியிருந்தது, அதாவது 32. எண் எவ்வளவு என்பதைவிட, ஏறிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஏறுகிற டிஸ்க்கை நம்பக் கூடாது. அன்றைக்குக் கணக்கு முழுதையும் எடுத்துவிட்டோம்.

மூன்றாவது ஈவென்ட் வியூவர், விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் இடம். அதில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போனால் பிழைகள் நேர வரிசையில் இருக்கும். எண் 7 என்றால் டிஸ்க்கில் கெட்ட பகுதி இருக்கிறது. 153 என்றால் படிப்பதையோ எழுதுவதையோ மறுபடி முயல வேண்டி வந்தது. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் அதை மீட்டமைக்க வேண்டி வந்தது. ஹேங் ஆன நேரமும் இந்தப் பிழைகளின் நேரமும் ஒத்துப்போனால் வேறு சாட்சியே வேண்டாம்.

டிஸ்க் 'குட்' என்றுதான் காட்டுகிறது. ஆனாலும் ஹேங் ஆகிறதே?

ஸ்மார்ட் குறிப்பு நீலமாக இருந்தபடியே செத்துப்போன டிஸ்க்குகளும் உண்டு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டிகளில் இது அதிகம். அதனால் டேட்டா நகல் எப்படியும் இருக்கட்டும். அது போக, சூட்டையும் பார்க்க வேண்டும்.

ஆலையில் ஓடும் லேப்டாப்பைத் திறந்தால் தெரியும். மின்விசிறியைக் கழற்றினால், அதற்குப் பின்னால் சூடு வெளியேறும் தகடுகளின் வாயில் உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். விரல் நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் ஒரே துண்டாக உரிந்து வரும். காற்று போக ஒரு இடுக்குகூட இல்லாதபோது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நமக்கு எல்லாமே ஆமை வேகம். பேக்கப் எடுக்கும்போது வேலை கூடுவதால் சூடு இன்னும் ஏறி, சில சமயம் லேப்டாப்பே அணைந்துவிடும். ஆலை, நெல் கொள்முதல் நிலையம், மாவு மில் பக்கம் வேலை செய்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள்.

மவுஸும் சேர்ந்து முழுத் திரையும் உறைகிறது, நீலத் திரை வருகிறது, எடுத்த பேக்கப்பைச் சரிபார்த்தால் பொருந்தவில்லை என்கிறது என்றால் ராம் (ஓடும் புரோகிராம்கள் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) கெட்டிருக்கலாம். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை இரவில் ஓட விடுங்கள். 4 ஜிபி ராம் வைத்துக்கொண்டு பிரவுசரில் இருபது டேப் திறந்தால் எந்த லேப்டாப்பும் திணறத்தான் செய்யும், அது நோயில்லை. இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடினால் ஒன்றை நீக்கிவிடுங்கள். சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தால் இடம் விடுங்கள். இடமில்லாத டிரைவில் ஷாடோ காப்பியும் எடுக்க முடியாது.

எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போய் வருகிறது. அதனால் கெடுமா?

கெடும். ஆனால் பலரும் நினைக்கும் வழியில் அல்ல. லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை, வோல்டேஜ் கொஞ்சம் இறங்குவதால் மட்டும் டேட்டா போகாது. ஆபத்து பேட்டரியில் இருக்கிறது. பேட்டரி செத்துப்போய், சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்புகளைத்தான் நம் பக்கத்தில் அதிகம் பார்க்கிறேன். கரண்ட் போன நொடியில் அது அப்படியே அணைகிறது. அந்த நொடியில் டிஸ்க் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் பாதி எழுதியது பாதியிலேயே நிற்கும். ஃபைல் அட்டவணை குழம்புகிறது, கணக்கு டேட்டா திறக்க மறுக்கிறது.

புது பேட்டரி போடுங்கள். லேப்டாப்புக்கு அதைவிட நல்ல யுபிஎஸ் கிடையாது. பேட்டரி உப்பி டச்பேட் மேலே தூக்கியிருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் நிறுத்திவிடுங்கள், அது தீப்பிடிக்கக் கூடியது. இடி மின்னல் நேரத்தில் சார்ஜரோடு நெட் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் ஓடும்போது அதுவே 'டிஸ்கனெக்ட்' ஆகிவிடுகிறது.

பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. பழைய யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 என்றால் 900. சுழலும் டிஸ்க் கிளம்பும்போது நிறையக் கேட்கும். எக்ஸ்டென்ஷன் கேபிள், ஹப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, லேப்டாப்பின் நீலத் துளையில் (பெரும்பாலும் அதுதான் 3.0) நேராகச் செருகிப் பாருங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள். பாதிப் புகார்கள் இதோடு தீர்ந்துவிடும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் யுஎஸ்பி முனைகள் பச்சை பூத்திருக்கும். தொடர்பு விட்டு விட்டு வருவதற்கு அதுவே போதும். விண்டோஸின் மின் அமைப்பில் 'யுஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட்' (சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் வசதி) என்பதையும் அணைத்து வையுங்கள்.

சின்ன ஃபைல் எல்லாம் போகிறது, கல்யாண வீடியோ மட்டும் போக மாட்டேன் என்கிறது. இடம் நிறைய இருக்கிறது.

பென் டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருக்கிறது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. அதில் இருப்பதை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்தால் போகும்.

ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. பேக்கப் முடிந்தது என்கிறது, ஆனால் ஃபைல்கள் திறக்கவில்லை.

அது போலி. உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோ. 2 டிபி என்று கணினிக்குப் பொய் சொல்லும்படி அதை மாற்றியிருக்கிறார்கள். உண்மையான அளவைத் தாண்டியதும் எழுதுவதெல்லாம் எங்கும் பதியாமல் போகும், அல்லது பழையதன் மேலேயே பதியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுதும் எழுதி, முழுதும் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். புது டிரைவ் எதை வாங்கினாலும் முதல் நாளே இதை ஓட்டுங்கள். அந்தப் போலி டிரைவில் மட்டும் இருக்கும் எதையும் இருப்பதாகக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைத்தால் பேக்கப் நிற்குமா?

தமிழ் என்பதால் நிற்காது, தாராளமாக வையுங்கள். ஆனால் நீளம் இடிக்கும். பல விண்டோஸ் புரோகிராம்கள் ஃபோல்டர் பெயர்களையும் சேர்த்து முழுப் பாதைக்கு 260 குறியீடுகள் என்ற வரம்பில்தான் இன்னும் ஓடுகின்றன. 'தஞ்சாவூர்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு ஒன்பது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீண்ட பெயர்கள் அடுக்கினால் சீக்கிரம் வரம்பைத் தொட்டுவிடும். "பாதை மிக நீளம்" என்று பிழை வந்தால் மேல் ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்குங்கள்.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இருக்கிறதே, அது போதாதா?

அவை செய்வது ஒத்திசைவு. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைக்கூடையில் சுமார் 30 நாள் இருக்கும், அதற்குள் பார்த்தால் உண்டு. இலவச இடம் ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகுளில் ஜிமெயிலையும் சேர்த்து 15 ஜிபி. அது நிரம்பியதும் மேலே ஏறுவது நின்றுவிடும், அந்த அறிவிப்பை யாரும் கவனிப்பதில்லை. கணக்கு, ஆவணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

செக்டிஸ்க் ஓட்டலாமா?

டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கட்டளை அது. நகல் எடுத்த பிறகு ஓட்டலாம். கரண்ட் போய் ஃபைல் அட்டவணை குழம்பியிருந்தால் அது நன்றாகச் சரிசெய்யும். ஆனால் கெட்ட பகுதிகளைத் தேடும் முழுச் சோதனை டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்தச் சுமை ஆகாது. பழுதான ஃபைல்களின் துண்டுகளை வெட்டியும் விடும்.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது.

உடனே அணைத்துவிடுங்கள். படிக்கும் முனை தடுமாறுகிறது. ஓட ஓடத் தட்டில் கீறல் விழும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். டேட்டா முக்கியம் என்றால் தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குக்கும் இதேதான். அரிசியில் புதைக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

பழைய டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடலாமா?

கண்டிப்பாகப் போடுங்கள். ஐந்தாறு வருடம் ஆன லேப்டாப்புக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பயனுள்ளது இல்லை. நோய்ப்பட்ட டிஸ்க்கை அப்படியே 'குளோன்' (விண்டோஸோடு சேர்த்து முழு நகல்) செய்ய முயலாமல், எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு டேட்டாவை மட்டும் கொண்டுவருவது நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, லேப்டாப் தாங்குமென்றால் 11 போடுங்கள்.

கழற்றுவதற்கு முன் ஒன்று. பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கரால் (விண்டோஸின் மறையாக்கப் பூட்டு) பூட்டப்பட்டிருக்கும். வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்கச் சாவி கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லையென்றால் டிஸ்க் நன்றாக இருந்தாலும் டேட்டா கிடைக்காது.

மேக்புக்கிலும் இப்படித்தானா?

அடிப்படை ஒன்றுதான்: முதலில் நகல், பிறகு பழுது. மேக்கிலேயே இருக்கும் பேக்கப் வசதியான டைம் மெஷின் நின்றால் வெளி டிஸ்க்கையும் கேபிளையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

எத்தனை நகல், எங்கே வைக்க வேண்டும்?

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு நமக்கு நன்றாகப் பொருந்தும். மொத்தம் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். நம் பக்கத்தில் அந்த 'வேறு இடம்' அடுத்த தெருவாக இருந்தால் போதாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, வீடும் கடையும் ஒன்றாகத்தான் அடி வாங்கின. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஒரு டிஸ்க்கைத் திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் அக்கா வீட்டில், மச்சான் வீட்டில் வையுங்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் மாற்றிக்கொண்டு வாருங்கள். வீட்டில் இருப்பதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு, தரையில் இல்லாமல் அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.

புரட்டாசியில், அடைமழைக்கு முன், ஒருமுறை பேக்கப்பிலிருந்து சில ஃபைல்களை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

கடையில் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் பல இடங்களில் ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். டேட்டாவும் போகும், கெட்ட டிஸ்க்கும் உள்ளேயே இருக்கும். "டேட்டா வேண்டும், கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எந்தப் புரோகிராமில், எந்த நேரத்தில் ஹேங் ஆகிறது, பேக்கப் என்ன பிழை எண் காட்டுகிறது என்பதை மொபைலில் படம் எடுத்துக் காட்டுங்கள். டிஸ்க்கை மாற்றினால் பழையதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். கெட்டுப்போனதாக இருந்தாலும் அதற்குள் உங்கள் ஆதார், வங்கி விவரம், வீட்டுப் படங்கள் எல்லாம் இருக்கின்றன.